சீலிங் மூடுவதற்கு முன்னால்



போன வாரம் பேத்தியின் காதுகுத்துப் படங்களைப் போட்டதும் நானூறு பேருக்கு மேல் வாழ்த்தினீர்கள். இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை, கொஞ்சம் நீளமும் அதிகம். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் தூங்காமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள் (ஒரு சிலரைத் தவிர, பெயர் சொல்லமாட்டேன்). பத்து நிமிஷம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். உங்களிடம் ஒரு வேலையும் கேட்கப்போகிறேன்.

நம் பக்கத்தில் ஒரு பூங்காவில் புதிதாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ராஜபாளையமா ஸ்ரீவில்லிபுத்தூரா, எந்தப் பூங்கா என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டுக் கட்சிச் சண்டை தொடங்கிவிடும். கீழே குழந்தைகள் விளையாடும் கூடம், மேலே படிப்பகமும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஹாலும். நல்ல காரியம். நான் காலையில் நடக்கிற வழி அதுதான். சென்ட்ரிங் பிரித்து, பூச்சு முடிந்து, இப்போது மின்சாரக் குழாய் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து ஏ.சி. குழாய், அதன்பின் ஃபால்ஸ் சீலிங்.

ஒருநாள் அங்கிருந்த பொறியாளரிடம், "தம்பி, சீலிங்குக்கு மேலே ஸ்பிரிங்க்ளர் குழாய் வருதா?" என்று கேட்டேன். மரியாதையான பையன். "இல்லை சார், இந்த உயரத்துக்கு அது கட்டாயம் இல்லை. எஸ்டிமேட்லயும் இல்லை. தீயணைப்பு சிலிண்டர் நாலு வைக்கிறோம்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரைபடத்தில் உள்ளதைச் செய்கிறார்.

என்னோடு நடக்கிற தமிழய்யாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சிரித்தார். "சார், பூங்காக் கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளரா? வெத்தலைப் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றார். சுற்றிலும் வெட்டவெளி, இரண்டே மாடி, ஓடி வந்துவிடலாமே என்பது அவர் கட்சி. அன்றைக்கு வீடு வரைக்கும் எங்களுக்குள் வாக்குவாதம். அவருக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை.

என் தகப்பனார் மில் தொழிலாளி. புளோ ரூமில் வேலை. பஞ்சுப் பேலைப் பிரித்து அடித்துச் சுத்தம் பண்ணுகிற இடம் அது. பஞ்சோடு ஒரு சின்ன இரும்புத் துண்டு, ஒரு ஆணி உள்ளே போனால் போதும். இயந்திரத்தின் பற்களில் பட்டுத் தீப்பொறி கிளம்பும், காற்றோடு அடுத்த இயந்திரத்துக்கே போய்விடும். இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். அதையும் தாண்டி வருவது உண்டு. சில ராத்திரிகளில் அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில் கரிவாடை அடிக்கும். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார்.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊர் பஞ்சு ஊர். இன்றைக்கும் பஸ்ஸில் "பஞ்சு மார்க்கெட் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். பஞ்சு எப்படித் தீப்பிடிக்கும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. ஸ்பிரிங்க்ளர் என்ற பொருளே பஞ்சாலையால்தான் வளர்ந்தது.

அமெரிக்காவில் பஞ்சாலைகள் நிறைந்த பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே உத்தரத்தை ஒட்டி ஓட்டை போட்ட இரும்புக் குழாய்களை மாட்டியிருந்தார்கள். தீப்பிடித்தால் ஒரு ஆள் ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் மில் முழுக்கத் தண்ணீர் கொட்டும். 1874-இல் ஹென்றி பார்மலி என்பவர் ஆள் இல்லாமலே தானாகத் திறக்கிற ஒன்றைச் செய்து காப்புரிமை வாங்கினார். அவர் நியூ ஹேவன் நகரில் பியானோ செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர். அதைக் காப்பாற்றத்தான் செய்தார். பிறகு பிரடெரிக் கிரின்னல் அதைத் திருத்திச் செம்மையாக்கினார். அங்கிருந்து இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்குப் போனது.

ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது தெரியுமா? மனித உயிர்மேல் வந்த கருணையால் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிரிங்க்ளர் மாட்டிய மில்லுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைத்தன. மில்லுக்கு முதலாளி இருக்கிறார், பேலுக்கு விலை இருக்கிறது, கணக்குப் போட ஆள் இருக்கிறது. ஆகவே பேலுக்கு மேலே தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. பூங்காக் கட்டடத்தில் படிக்கிற பிள்ளைக்கு அப்படிக் கணக்குப் போட யார் இருக்கிறார்கள்? தமிழய்யாவிடம் இதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தார்.

இனி கொஞ்சம் இயற்பியல். விரும்பாதவர்கள் இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம், பரீட்சையில் வராது.

மதுரையில் பெரிய கடைகளுக்குப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். சீலிங்கிலிருந்து சின்னதாக ஒரு உலோகத் தலை எட்டிப் பார்க்கும். அதன் நடுவில் பென்சில் மொக்கை அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் சிவப்புத் திரவம். எட்டாம் வகுப்பில் நடத்தினேனே, வெப்பத்தால் திரவம் விரிவடையும் என்று? அவ்வளவுதான் விஷயம். அந்தக் குப்பிதான் தண்ணீரை அடைத்து நிற்கிற மூடியைத் தாங்குகிறது. சூடு 68 டிகிரி செல்சியஸை எட்டியதும் உள்ளே உள்ள திரவம் விரிந்து குப்பி உடைகிறது, மூடி விழுகிறது, தண்ணீர் வட்டமாகச் சிதறுகிறது. மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், வாட்ச்மேன் விழித்திருக்க வேண்டாம். திரவத்தின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரியில் உடையும் என்று சொல்லிவிடலாம். ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சிவப்பைப் போட்டால் நெருக்கடிதான். அங்கே மஞ்சளோ பச்சையோ போட வேண்டும். சாதாரண நாளில் அந்த இடத்தில் வரக்கூடிய அதிகபட்ச சூட்டைவிட முப்பது டிகிரியாவது மேலே இருக்கட்டும் என்பது கணக்கு.

இன்னொன்று. சினிமாவில் காட்டுகிறார்களே, கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிக் காட்டியதும் மாடி முழுக்க மழை கொட்டும் என்று, அது சுத்தப் பொய். எந்தத் தலைக்குக் கீழே சூடு ஏறுகிறதோ அந்தத் தலை மட்டும்தான் உடையும். பெரும்பாலான தீ ஒன்றிரண்டு தலைகளிலேயே அடங்கிவிடுகிறது. "ஒரு பொறி பட்டால் புத்தகமெல்லாம் நனைந்து நாசமாகிவிடுமே" என்று தமிழய்யா கேட்டார். நனைந்த புத்தகத்தை மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவைக்கலாம் அய்யா, எரிந்த புத்தகத்தை என்ன செய்வது என்றேன். அதுபோக, ஸ்பிரிங்க்ளர் இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வந்து ஹோஸ் குழாயால் அடிக்கப்போகிற தண்ணீர் இதைப்போலப் பல மடங்கு.

தண்ணீருக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. கோடையில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குடிக்கிற ஊர்க்காரர்கள் கேட்கவேண்டிய கேள்விதான். வழக்கமான ஒரு தலை, குழாயில் ஒரு பார் அழுத்தம் இருந்தால் நிமிஷத்துக்குச் சுமார் 80 லிட்டர் விடும். நான்கு தலைகள் ஒரு மணி நேரம் திறந்திருந்தாலும் 19,200 லிட்டர். விதிப்படி தொட்டி இதைவிடப் பெரிதாக வேண்டியிருக்கலாம், பொறியாளர்கள் சொல்லட்டும். ஆனால் பூங்கா என்றாலே செடிக்கு ஊற்றத் தொட்டி கட்டத்தான் போகிறார்கள். அதைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டி, தீக்கான தண்ணீரைத் தோட்டத்துக் குழாய் உறிஞ்சிவிடாதபடி மட்டத்தை மேலே வைத்தால் தீர்ந்தது. தினமும் செலவாகிற தண்ணீர் இல்லை இது. ஒருமுறை நிரப்பினால் அப்படியே நிற்கும்.

சரி, நான் ஏன் இதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன்?

பணியில் இருந்தபோது பதினோரு வருஷம் ஒரு கீற்றுக் கொட்டகையில் பாடம் நடத்தியிருக்கிறேன். எந்தப் பள்ளி என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஆறாம் வகுப்பு இரண்டு பிரிவுகள், நடுவில் ஒரு தட்டி, ஒரே ஒரு வாசல். கோடையில் ஓட்டுக் கட்டடத்தைவிடக் குளுகுளுவென்று இருக்கும். நானே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வகுப்பு அது. இருபதடி தள்ளி சத்துணவுக் கூடம். மத்தியானம் சாம்பார் வாசனையோடு புகையும் வரும். பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள், நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஸ்ரீகிருஷ்ணா பள்ளி. சமையல் நடந்த இடத்தின் கீற்றில் பிடித்த தீ, மாடியில் வகுப்பு நடந்த கீற்றுக் கூரைக்குப் போனது. இறங்க ஒரு குறுகலான படி. 94 குழந்தைகள். அத்தனையும் சின்னஞ்சிறு பிள்ளைகள். அன்று மாலை ஆசிரியர் அறையில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் நான் என் கொட்டகை வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தேன். சத்துணவுக் கூடத்தைப் பார்த்தேன். வாசலைப் பார்த்தேன். ஒரே வாசல். பதினோரு வருஷமாக அதன் வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே இருக்கக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. ஆட்கள் வந்து எங்கள் கொட்டகையையும் பிரித்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30-ஆம் தேதி. பத்து வருஷம்.

அதே 2004-இல், ஜனவரி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் பற்றி எரிந்து, மாப்பிள்ளை உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். நம் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2012-இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள் செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். காலையில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ மேசையில் இருந்தது, மத்தியானம் செய்தி வந்தது. இந்த மாவட்டத்தில் இருந்து இருந்து, வெடித்தது என்று கேட்டால் "எத்தனை பேர்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாய் சோற்றைப் பிசைகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. எனக்கும்தான்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்க்ளர் இருந்திருந்தால் கும்பகோணம் நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. கீற்றுக்கு ஸ்பிரிங்க்ளர் மருந்தில்லை. அங்கே கீற்று இருந்திருக்கக்கூடாது, இன்னொரு படி இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஏன் அந்தக் கதை என்றால், அந்தக் கூரையைப் பற்றி 15-ஆம் தேதி யாராவது கேட்டிருந்தால் "விதியில் தடை இல்லையே" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

விதி என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புதான். ஆனால் அது வழிகாட்டி. மாநிலங்கள் தங்கள் விதிகளில் எடுத்துக்கொண்ட அளவுக்குத்தான் கட்டாயம். நம் மாநிலத்தின் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயரமான கட்டடம் என்கின்றன. கடுமையான கேள்விகளெல்லாம் அங்கேதான். நம் பூங்காக் கட்டடம் அதில் பாதி உயரம்கூட வராது. அந்தப் பொறியாளர் தம்பி சொன்னது சரி. ஆனால் தீ உயரத்தைப் பார்த்து வருவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பேர், வெளியே வர எத்தனை வழி என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டடத்தில் கீழே குழந்தைகளுக்கு ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் சறுக்கு. மேலே புத்தகம், பிளைவுட் தடுப்பு, ஏ.சி. ஜன்னலுக்குப் பதிலாகத் திறக்க முடியாத கண்ணாடி. இறங்க ஒரே படி, அதுவும் அந்த விளையாட்டுக் கூடத்தின் ஓரமாக.

"கான்கிரீட் எரியுமா சார்?" என்றார் தமிழய்யா. எரியாது. 1911-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். தீப்பிடிக்காத கட்டடம் என்று பேர் வாங்கியது அது. இன்றைக்கும் அந்தக் கட்டடம் நிற்கிறது. எரிந்தது துணி, செத்தது பெண்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது. ஸ்பிரிங்க்ளர் கிடையாது.

2024 மே 25-இல் ராஜ்கோட்டில் எரிந்ததும் பொழுதுபோக்குக் கூடம்தான். கோடை விடுமுறை, சனிக்கிழமை, குழந்தைகள் கூட்டம். ஒரு பக்கம் வெல்டிங் வேலை நடந்தபடியே மறுபக்கம் விளையாட்டு. 27 பேர். நம் கட்டடத்திலும் கீழ்த்தளத்தை முதலில் திறந்துவிட்டு மேல்தள வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

"பிறகு பார்க்கலாம்" என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலைப் பள்ளி. மேக்கின்டாஷ் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, மரவேலைப்பாடான நூலகத்துக்கு உலகப் புகழ். தண்ணீரைப் பனிபோலத் தூவுகிற தீத்தடுப்பு அமைப்பை அங்கே பொருத்திக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட முடிகிற கட்டம். இயக்கி வைப்பதற்கு முன்னால் 2014 மே மாதம் தீப்பிடித்து நூலகம் போய்விட்டது. சரி, கோடி கோடியாகக் கொட்டிப் புதுப்பித்தார்கள். அந்த வேலை முடிவதற்கு முன்னால் 2018 ஜூனில் மறுபடியும் தீ, இந்தமுறை கட்டடம் முழுக்க. அப்போதும் தடுப்பு அமைப்பு வேலை செய்கிற நிலைக்கு வரவில்லை. பணமும் எண்ணமும் இருந்த இடத்திலேயே இப்படி. எண்ணமே இல்லாத எஸ்டிமேட்டை என்ன சொல்வது?

ஷார்ஜாவில் கட்டடங்களுக்குள் குழாய் வேலை பார்க்கிற நம் மாணவன் ஒருவனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். (பழைய கடைசி பெஞ்சுக்காரன். இன்று எனக்கே பாடம் நடத்துகிறான்.) "சார், இப்பப் போட்டா பைப் செலவு மட்டும்தான். சீலிங் மூடின பிறகு போட்டா சீலிங்கைப் பிரிக்கணும், ஏ.சி. டக்டை நகட்டணும், பெயிண்ட் மறுபடி அடிக்கணும், கட்டடத்தை மூடிவைக்கணும். யாரும் செய்யமாட்டாங்க சார்" என்றான். கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஒரு தலை ஏறத்தாழ 12 சதுர மீட்டரைப் பார்த்துக்கொள்ளும், அதாவது பத்துக்குப் பதின்மூன்று அடியில் ஒரு அறை. அந்தக் கட்டடத்துக்கு எத்தனை தலை வரும் என்று நீங்களே எண்ணிவிடலாம். பெரிய செலவு பம்பும் தொட்டியும்தான்.

தமிழய்யா கடைசியாக ஒன்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இல்லை. "சார், மாட்டிருவாங்க. யார் பார்த்துக்குவா? நாலு வருஷத்தில் பம்பு துருப்பிடிச்சுக் கிடக்கும். சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியாது."

உண்மை. இதில் நானும் குற்றவாளி. பணியின் கடைசி வருஷங்களில் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தபோது, தீயணைப்பு சிலிண்டர்கள் சோதிக்கப்பட்டன என்ற பதிவேட்டில் மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எழுந்து போய்ப் பார்த்ததில்லை. ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம் பொருள்களை ஒப்படைக்கும்போதுதான் தெரிந்தது, ஆய்வகத்தில் இருந்த சிலிண்டரில் அழுத்தம் சுத்தமாக இல்லை. மணல் வாளியில் மணலுக்குப் பதில் உடைந்த சோதனைக் குழாய்கள். அந்த ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு அறுபது பிள்ளைகள் ஸ்பிரிட் விளக்கு ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு நான் காரணம் இல்லை.

ஆகவே குழாய் போடுங்கள் என்று மட்டும் மனு கொடுத்தால் அது பாதி மனு. யார் பார்த்துக்கொள்வது என்பதையும் எழுதியாக வேண்டும். ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்களை எல்லோரும் படம் எடுக்கிறோம். சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் அவர் வரவில்லை என்றால் தேர் நிலையத்தை விட்டு நகராது. பெயர் சொல்லி, இன்னார்தான் என்று வைத்திருக்கிற பொறுப்பு அது. இந்தப் பம்புக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும்.

என் மனுவில் எழுதியிருப்பது இதுதான். சீலிங் மூடும் முன் ஸ்பிரிங்க்ளர் குழாய் போட வேண்டும். இந்த வருஷம் பணம் இல்லை என்றால் பிரதானக் குழாயையும் கிளைக் குழாயையும் மட்டுமாவது இப்போதே போட்டு முனையை அடைத்து வையுங்கள், பம்பையும் தலைகளையும் அடுத்த நிதியாண்டில் மாட்டுங்கள். அதுவரை மேல்தளத்தைத் திறக்காதீர்கள். இரண்டாவது படி ஒன்று வெளிப்புறமாக வேண்டும், இரும்பில் இருந்தாலும் சரி. உண்மையைச் சொன்னால், இரண்டில் ஒன்றுதான் தருவோம் என்றால் நான் படியைத்தான் கேட்பேன். மின்சாரம் போனாலும் ஓடுகிற டீசல் பம்பு வேண்டும். தீப்பிடித்தால் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவார்கள். மாதம் ஒரு நாள் சோதனை வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா, பம்பு தானாக ஓடுகிறதா என்று பார்த்து, பார்த்தவர் பெயரோடு வாசலில் ஒரு பலகையில் எழுத வேண்டும். வெள்ளையடிக்க வருகிற ஆட்களிடம் தலைகள்மேல் பெயிண்ட் படக்கூடாது என்று சொல்ல வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். பெயிண்ட் காய்ந்த தலை நேரத்துக்குத் திறக்காது, துடைத்தும் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

மாதச் சோதனைக்கு அலுவலகத்து ஆளோடு கூட நின்று பார்க்க நான் பெயர் கொடுத்திருக்கிறேன். தமிழய்யாவும் கொடுத்திருக்கிறார், எதிர்க்கட்சிக்காரர் உள்ளே இருப்பது நல்லதுதானே. எங்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்களுக்குப் பிறகு நாற்பது வயதில் இரண்டு பேர் வேண்டும். உள்ளூரிலேயே இருக்கிறவர்களாக, மில் பராமரிப்பிலோ தீயணைப்புத் துறையிலோ வேலை பார்த்தவர்களாக இருந்தால் உத்தமம். அந்தப் பக்கம் போனவர்கள் என் மாணவர்களில் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

"நல்லா இருக்கற கட்டடத்தைப் பத்தி அபசகுனமா ஏன் பேசறீங்க மாமா" என்று சொந்தத்தில் ஒருவர் போனில் வருத்தப்பட்டார். வருத்தப்படாதே அம்மா. உன் பேரன்தான் அங்கே முதலில் போய்ச் சறுக்கு விளையாடப் போகிறான்.

கட்டடம் கட்டுகிறவர்கள்மேல் பழி போட்டு யாரும் கீழே எழுத வேண்டாம். எழுதினால் எடுத்துவிடுவேன். அவர்கள் நல்லது செய்கிறார்கள், அதில் ஒரு குழாயைச் சேர்க்கச் சொல்கிறோம்.

மனுவை வெள்ளிக்கிழமை நகராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறேன். திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு பிரதி. ராஜபாளையத்திலிருந்து வருகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களை வழியில் ஏற்றிக்கொள்கிறோம். வேனுக்குத் தமிழய்யா சொல்லிவிட்டார், பன்னிரண்டு இடம். அதில் ஐந்து நிரம்பிவிட்டது. வர முடியாத வெளியூர்ப் பிள்ளைகள் கீழே பெயரும் படித்த வருஷமும் போடுங்கள், அச்செடுத்து மனுவோடு இணைக்கிறேன். சீலிங் ஆட்கள் அடுத்த மாதம் பத்தாம் தேதி வருகிறார்களாம்.